முதுகில் ஒரு புள்ளி

“வியாழக்கிழமை கொழும்பு டொக்டர் பார்க்கேக்க இது இல்லையே. அதுக்குள்ள எப்பிடி வந்தது?” என்று ஜெயரூபி மறுபடியும் கேட்டாள்.

ஓட்டோவில் பக்கத்தில் இருந்த கணவன் கிரிசாந், துறைமுகத்தில் நின்ற கப்பலைப் பார்த்துக்கொண்டு வந்தான். “சும்மா மச்சமா இருக்கும்,” என்றான் கடைசியில்.

அவளுடைய முதுகில், வலது தோளுக்குச் சற்றுக் கீழே, மிளகளவில் கருஞ்சிவப்பாக ஒரு புள்ளி. நேற்றுக் குளித்துவிட்டு நிலைக்கண்ணாடிக்கு முதுகைக் காட்டி, கைக்கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தபோதுதான் கண்டாள். தொட்டுப் பார்க்க விரல் எட்டவில்லை.

ஜெயரூபிக்கு மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் என்ற நரம்பு நோய். முதுகில் பாதி மரத்துப்போய்விட்டது. ஈ இருந்தாலும் தெரியாது. தினமும் போடும் ஒரு மருந்துக் குளிசைதான் அவளை நடக்க வைத்துக்கொண்டிருந்தது.

அந்தக் குளிசை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், தோலில் புற்றுநோய் வரவும் இடமுண்டு, புதிதாகப் புள்ளி ஏதும் கண்டால் உடனே காட்டுங்கள் என்று கொழும்பு டொக்டர் சொல்லியிருந்தார். மாதம் ஒரு தடவை முதுகை வீட்டுக்காரரிடம் காட்டும்படியும் சொன்னார்.

வீட்டுக்காரர் இரண்டு மாதம் பார்த்தார். பிறகு துறைமுகத்தில் வேலை அதிகம், அலுப்பு, தலையிடி. இரவில் உன்னுடைய கால் இழுக்கிறது, நித்திரை கொள்ள ஏலாது என்று படுக்கையையும் விறாந்தைக்கு மாற்றிக்கொண்டார். தனக்கு முதுகு என்று ஒன்று இருப்பது அவளுக்கும் கைக்கண்ணாடிக்கும் மட்டுமே தெரிந்த விசயமாகிப் போனது.

போன கிழமை கொழும்புக்கும் தனியாகத்தான் போனாள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லையாம். ஆஸ்பத்திரியில் தங்கி ஸ்கான் எடுத்து, உச்சி முதல் உள்ளங்கால் வரை தோலையும் காட்டி, எல்லாம் சுகம் என்று கேட்டுக்கொண்டு வியாழன் இரவே பஸ் ஏறி வந்தாள். வந்த களைப்பில் உடுப்பை மாற்றி, குறுக்குக்கட்டோடேயே கட்டிலில் விழுந்தவள் பின்னேரம்தான் எழும்பினாள்.

நேற்றுப் புள்ளியைக் கண்டதும் அவனைத்தான் கூப்பிட்டாள். “கிட்ட வந்து பாருங்கோ.”

அவன் அறை வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்தான். “ஓம், என்னவோ கிடக்கு. நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, தோல் டொக்டர் வாறவதானே, காட்டுவம். நானும் வாறன்.”

நானும் வாறன் என்ற அந்த ஒரு சொல்லே அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

கிளினிக்கில் சனம் நிறைந்திருந்தது. மின்விசிறி பெயருக்குச் சுற்றியது. வெயிலுக்குப் பயந்து போட்ட நீட்டுக்கைச் சட்டைக்குள் ஜெயரூபிக்கு வேர்த்துக் கொட்டியது. நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கில் வழிய, கைலேஞ்சியை எடுத்து முழுவதையும் துடைத்தாள்.

“புற்றுநோய் எண்டால் குளிசையை நிப்பாட்டிப் போடுவினம், என்ன?”

“ஏன் உப்பிடி யோசிக்கிறாய்?”

“நிப்பாட்டினால் கால் போயிடும். பிறகு என்னை ஆர் தூக்கி இறக்கிறது?”

கிரிசாந் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை சனத்துக்குள்ளும், கணவன் பக்கத்திலேயே இருந்தும், தனக்கு ஒருவரும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

உள்ளே டொக்டர் ஷிஃபானா அவளைக் கதிரையில் இருத்தி, சட்டையைத் தோளிலிருந்து இறக்கினார். வெளிச்சம் வைத்த பூதக்கண்ணாடியோடு குனிந்தார். கிரிசாந் திரைக்குப் பக்கத்தில் நின்றான்.

டொக்டரின் மூச்சு, முதுகின் மரத்துப்போகாத பக்கத்தில் பட்டது. ஒரு மனிசர் தனக்கு இவ்வளவு கிட்ட வந்து எவ்வளவு காலம் என்று ஜெயரூபிக்கு நினைவு வரவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

டொக்டர் திடீரென்று சிரித்தார். “நகத்தால கொஞ்சம் சுரண்டுறன், நோகாது. ம்... இப்ப கையை நீட்டுங்க.”

உள்ளங்கையில் அந்தப் புள்ளி வந்து இருந்தது.

“புற்றுநோயும் இல்ல, மச்சமும் இல்ல. ஒட்டுப்பொட்டு! கட்டில்ல விழுந்து கிடந்திருக்கும். நீங்க படுக்கக்குள்ள முதுகுல ஒட்டியிருக்கு.”

கிரிசாந் பெரிதாகச் சிரித்தான். “ஒரு பொட்டுக்கே இந்தப் பாடு படுத்தினனீ?”

ஜெயரூபியும் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. குளிசை நிற்காது, கால் தப்பியது.

அவளுடைய வெறும் நெற்றியைப் பார்த்து டொக்டர் சொன்னார்: “இனிமேல் பொட்டைக் கழட்டினா மறக்காம கண்ணாடியில ஒட்டி வைங்க.”

கண்ணைத் துடைக்க ஜெயரூபி லேஞ்சியை எடுத்தாள். அது சிவப்பாகக் கிடந்தது. லேஞ்சியைப் பார்த்தாள், உள்ளங்கையைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். அவனுடைய சிரிப்பு அதற்கு முன்னமே நின்றுபோயிருந்தது.

“நான் குங்குமம்தானே வைக்கிறனான், டொக்டர்.”