கண்ணாடி ஏறும்வரை

பதுளை ஆஸ்பத்திரி வளவில் தூறல் விழுகிறது. பழைய டபுள் கெப் வண்டியின் இடது கதவைத் திறந்து, உள்பலகையைக் கழற்றிவிட்டு, மண்டியிட்டு வேலை செய்கிறான் தவராஜ். காலையில் கொஸ்லந்தையிலிருந்து வரும் வழியில் கீழே இறங்கிய ஜன்னல் கண்ணாடி மேலே ஏறவே இல்லை. எரிந்துபோன மோட்டரை எடுத்துவிட்டு, கராஜில் தேடி வாங்கிய இன்னொன்றைப் பொருத்துகிறான். தூறல் படாமல் தள்ளி ஓட்டுநர் சீட்டில் யோகலெட்சுமி, பிள்ளையைக் கம்பளித் துணியில் பொதிந்து மார்போடு அணைத்திருக்கிறாள். குறைமாதத்தில் பிறந்த மகள் இன்றுதான் வீட்டுக்கு வருகிறாள். மூத்ததை மலைக்குளிருக்குத்தான் பறிகொடுத்தார்கள். அதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. கடைசித் திருகாணியை இறுக்கிக் கதவைச் சாத்துகிறான். "இப்ப அழுத்திப் பாரு." மோட்டர் முனகுகிறது. கண்ணாடி நடுங்கி நடுங்கி ஏறி, விளிம்பில் போய்ப் பொருந்துகிறது. உள்ளே, துணிக்குள்ளிருந்து ஒரு சின்னக் கை வெளியே வந்து விரிந்து மூடுகிறது. அவன் பார்த்துக்கொண்டே நிற்கிறான். யோகலெட்சுமி ஏதோ சொல்கிறாள். உதடு அசைவது மட்டும் தெரிகிறது. கண்ணாடியை விரலளவு இறக்குகிறாள். "ஏங்க, தொப்பலா நனையிறீங்க. உள்ள வாங்க." அவன் அசையவில்லை. "மொதல்ல ஏத்து." கண்ணாடி மறுபடியும் ஏறி மூடியதைப் பார்த்த பிறகுதான் அவனுக்குக் குளிர் தெரிகிறது.