ஆறு படத்துக்கு ஒரே மாலை

ஆண்டியப்பன் அண்ணனின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. கீழே குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரோ ஃபோனில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார்.

"டேய் ஜீவராஜ், பொகவந்தலாவையில இருந்து ஒரு வேன் ஆளு மலர்வளையத்தோட வந்து எறங்கியிருக்காங்கடா! கதவத் தொறந்தது யாரு? நான்!"

"அண்ணே, ஒரு நிமிஷம் பொறுங்க..."

"என்னத்தப் பொறுக்கிறது? என் சாவுக்கு வந்தவங்களுக்கு நானே உக்காரக் கதிரை போட்டுக்கிட்டு இருக்கேன்!"

கதிரை போடுவதுதான் அவர் தொழில். ஹட்டனில் கல்யாணமோ கருமாதியோ, பந்தலும் கதிரையும் 'ஆண்டியப்பன் அன் சன்' கடையிலிருந்துதான் போகும். அந்த 'சன்' கிஷாந்த், அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு கொழும்புக்குப் போய் ஏழு வருஷமாகிறது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

கடைக்கு இணையத்தளம் செய்துகொடுத்தபோது, பெயரிலிருந்து 'சன்'னை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். "ஒன் வேலையப் பாரு" என்றார். "இது கொழும்புல பாத்தாலும் தெரியும்ல?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார்.

நானும் என் வேலையைத்தான் பார்த்தேன். அதுதான் வினை.

எனக்கு ஆறு வாடிக்கையாளர்கள். ஆறு பேருக்கும் தனித்தனியாக எழுத நான் என்ன மடையனா? பக்கத்தின் நிறம், அளவு, அலங்காரம் எல்லாவற்றையும் சொல்லும் சிஎஸ்எஸ்ஸைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒரே பொதுக் கோப்பில் வைத்தேன். பட்டனுக்கு ஒரு துண்டு, விலைப்பட்டியலுக்கு ஒரு துண்டு, முதலாளி படத்துக்கு ஒரு துண்டு. முகப்பில் முதலாளி படம் பெரிதாக இல்லாவிட்டால் எங்கள் ஊரில் அதைத் தளம் என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

இதற்கு மொடியுலர் ஃபிரேம்வர்க் என்று பெயர். தேவையான துண்டை மட்டும் எடுப்பதால் பக்கம் பாரமாக இருக்காது, சிக்னல் ஒரு கோடு இருந்தாலே தேயிலைத் தோட்டத்திலும் திறக்கும். ஆறு தளமும் கூடப்பிறந்த பிள்ளைகள் மாதிரி இருக்கும் என்பது ஒரு குறைதான். நிறத்தை மட்டும் மாற்றி, "உங்களுக்குன்னே செஞ்சது" என்று சொல்லிவிடுவேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு இடத்தில் மாற்றினால் ஆறு தளத்திலும் மாறும். இந்தப் பெருமையை நான் மார்தட்டிச் சொல்லாத ஆள் ஹட்டனில் இல்லை.

அன்று காலை வலப்பனை ஜெயந்தினி அழுதுகொண்டே பேசினாள். என் வாடிக்கையாளரான, தையல் கடை வைத்திருந்த அவளுடைய அப்பா இறந்துவிட்டார், தளத்தில் அவர் படத்துக்கு ஒரு மாலை போட வேண்டும் என்றாள். கேட்கவே பாவமாக இருந்தது. மாலையோடு ஒரு விளக்கும் வைத்து, படத்தைக் கறுப்பு வெள்ளையாகவும் ஆக்கினேன். எங்கே? பொதுக் கோப்பில், அந்த முதலாளி படத் துண்டில்!

"அண்ணே, இது மொடியுலர்ங்கிறதால..." என்று ஆரம்பித்தேன்.

"மொடியுலரும் மண்ணும்! அரை மணி நேரத்துல எடுக்கல, ஒன் கஸ்டமர் அத்தன பேரையும் கூட்டிக்கிட்டு வந்து கடைய மூடிருவேன்!"

அவர் வைத்ததும் நுவரெலியா நஸீர் ஹாஜியார் பிடித்துக்கொண்டார். பலசரக்குக் கடைக்காரர், மரியாதையாகப் பேசுகிறவர்.

"தம்பி, மாலை வேற, குத்துவிளக்கு வேற. நான் இனிப் பள்ளிவாசலுக்கு எந்த மூஞ்சியோட போறது?"

"ஹாஜியார், சின்னத் தவறு ஒண்ணு..."

"மௌத்தாக்கினது சின்னத் தவறா தம்பி?"

இருப்பதே ஆறு பேர். இவர்கள் போனால், மறுபடி ஃபோட்டோகொப்பி கடையில் போய் நிற்க வேண்டியதுதான். பொதுக் கோப்பைத் திறந்து, காலையில் எழுதியதை அழித்தேன். ஒரே நொடியில் ஆறு பேரும் உயிரோடு வந்துவிட்டார்கள்.

ஆமாம், ஆறு பேரும். ஜெயந்தினியிடமிருந்து உடனே செய்தி வந்தது: "அண்ணா, எங்கப்பா மாலையக் காணோமே?"

என் புத்தியை என்னவென்று சொல்ல! தலையில் நானே குட்டிக்கொண்டு, இந்தத் தடவை அவளுடைய தளத்தில் மட்டும் தனியாக எழுதினேன். நான்கு வருஷத் தொழிலில் நான் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அதுவாகத்தான் இருக்கும்.

கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆண்டியப்பன் அண்ணன். ஃபோனைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே பிடித்தேன். ஆனால், அவர் கத்தவில்லை.

"எடுத்துட்டியா தம்பி?"

"எடுத்துட்டேன்ணே. இனி யாரும் வரமாட்டாங்க, தைரியமா இருங்க."

"அடக் கடவுளே..." என்றார். பின்னால் அவர் மனைவி அம்மாக்கண்ணு, கோழி வாங்கிவரச் சொல்லி யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே? என்ன ஆச்சு?"

"கிஷாந்த் அந்தப் படத்தப் பாத்துட்டு அவங்க அம்மாவுக்குக் கோல் எடுத்தானாம். ஒரே அழுகையாம். இவ வேற எதுவும் சொல்லல, 'வா சாமி'ன்னு மட்டும் சொல்லியிருக்கா."

"ஐயையோ! நம்பரக் குடுங்கண்ணே, நான் பேசி விளக்கம் சொல்லிர்றேன்."

"வேணாம், வேணாம்!" என்று பதறினார். "பஸ்ஸுல ஃபோனப் பாத்துக்கிட்டேதான் வருவான். அந்த மாலையத் திரும்பப் போடு தம்பி, இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துருவான், பய கினிகத்தேனை தாண்டிட்டான்."