குட்டைக்கூரை மேஸ்திரி

பிரசங்கம் தொடங்கும் நேரம் பார்த்து மின்சாரம் போனது. ஒலிபெருக்கி ஒருமுறை கரகரத்து அடங்கியது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது.

இந்தத் தேவாலயத்தை வரைந்து கட்டியவர் அவர்தான். இருபது வருடங்களில், சின்னச் சின்ன ஊர்களில், பத்தொன்பது மெதடிஸ்ட் தேவாலயங்கள். எல்லாவற்றுக்கும் கூரை தாழ்வு. ‘குட்டைக்கூரை’ என்று பட்டப்பெயரே விழுந்துவிட்டது.

“ஏன் மேஸ்திரி, கடவுள் குனிஞ்சுதான் உள்ள வரணுமா?” என்று கமிட்டிக்காரர்கள் கேலி செய்வார்கள்.

“அவர் எப்படியும் வந்துடுவார். பேசுறவங்க குரல் கடைசி பெஞ்சுக்கு வரணும்ல?”

அதற்காகவே பீடத்தின் பின்சுவரை லேசாக வளைப்பார். கூரையின் உட்புறம் பலகை அடிப்பார். வேலை முடிந்ததும் பெயின்டரைப் பீடத்தில் ஏற்றி, டப்பாவில் எழுதியிருப்பதை முணுமுணுக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் போய் நின்று கேட்பார்.

ஆனால் அது காலிக் கட்டடம். ஆட்கள் நிறைந்தால் பாதிச் சத்தத்தை உடுப்புகளே குடித்துவிடும்.

இப்போது உள்ளே முந்நூறு பேர்.

பீடத்தில் ஏறியவர் புதுப் போதகர். மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றல். எந்தப் போதகருக்கு எந்த ஊர் என்பது சபை மாநாட்டில் பட்டியல் வாசிக்கும்வரை யாருக்கும் தெரியாது. வந்த வாரமே கமிட்டியில் பேச்சு கிளம்பியிருந்தது: பக்கத்தில் நின்றாலே காதைத் தீட்டிக்கொள்ள வேண்டிய குரல், இது பிரசங்கத்துக்கு ஆகுமா?

“காலை ஆட்டாதீங்க. பெஞ்சே ஆடுது,” என்றாள் மனைவி.

போதகர் பேசத் தொடங்கினார். குரலை உயர்த்தவில்லை.

மேஸ்திரி மூச்சை அடக்கிக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

நடுவில் போதகர் ஏதோ வேடிக்கை சொன்னார். முன் பெஞ்சு சிரித்த அதே நொடியில் கடைசி பெஞ்சும் சிரித்தது. கமிட்டித் தலைவர் திரும்பிப் பார்த்தார்.

மேஸ்திரி மட்டும் சிரிக்கவில்லை. மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

ஆராதனை முடிந்ததும் போதகர் வாசலில் நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். மேஸ்திரி கடைசி ஆளாக வந்தார்.

அவர் கையைப் பிடித்த போதகர் விடவில்லை. குனிந்து, மெல்லக் கேட்டாள்:

“கேட்டுச்சா, அப்பா?”

“நல்லாவே கேட்டுச்சு. இன்னும் பதினெட்டு இருக்கு பாப்பா. எந்த ஊருக்கு வேணா மாத்தட்டும்.”