மிதக்கிற கல்

கிணற்றடி வெயிலில் மும்தாஜ் வாளிக்குள் குனிந்து பார்க்கிறாள். கப்பலில் சமையல் வேலை பார்த்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து நேற்றுத்தான் கோவிந்தாபுரம் திரும்பிய அவள் கணவன் உமர், தண்ணீரில் ஒரு சாம்பல்நிறக் கல்லைப் போட்டிருக்கிறான். ஊசித் துளைகள் மினுங்க, கல் முங்காமல் மிதக்கிறது. “எரிமலை கக்குனது புள்ள. நெருப்புக் கொழம்பு நொரையாப் பொங்கி அப்படியே இறுகிப்போச்சு. கடல் மேல பாய் விரிச்சாப்புல கெடந்துச்சு. கடல் தண்ணி உறிஞ்சுற கொழாய அது அடைச்சு எஞ்சின் நின்னு, மூணு நாளு நடுக்கடல்ல தவிச்சோம்.” அவள் முகம் வெளிறுகிறது. “லெட்டர்ல ஒரு வார்த்த எழுதலையேங்க?” “எழுதியிருந்தா நீ தூங்கியிருப்பியா?” அவளுடைய வெடித்த குதிகாலை மடியில் எடுத்து வைத்து, அந்தக் கல்லால் மெல்லத் தேய்க்கிறான். கூச்சத்தோடு வேலிப்பக்கம் பார்த்தாலும் அவள் காலை இழுத்துக்கொள்ளவில்லை. “இனிக் கப்பலுக்குப் போக வேண்டாங்க.” தேய்க்கிற கை நிற்கிறது. “போகல,” என்கிறான். “இன்னொரு காலக் காட்டு.”