கூடுதல் ஏழு நிமிடம்

மறைந்த கணவர் மகேஸ்வரனின் பழைய கணினியை வீச மனமின்றி, யோகேஸ்வரி அதைச் சிங்கப்பூர் எல்லையை அடுத்த தம்போய் ஊரிலுள்ள பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுவந்தார். கடைக்காரர் ரூபேந்திரன் புது வன்தட்டைப் பொருத்தி, பழைய கணினியிலும் ஓடக்கூடிய இரண்டு இயங்குதளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுவிக் காட்டினார். முதலாவது வேகமாக இயங்கியது. இரண்டாவதன் கடிகாரம் ஏழு நிமிடம் கூடுதலாகக் காட்டியது. மூன்று முறை திருத்தியும் அந்த ஏழு நிமிடம் திரும்பி வந்தது.

“முதல்ல போட்டதுதான் பெஸ்ட்லா, அக்கா. இதுக்கு டைமே தெரியல.”

சிங்கப்பூர் வேலைக்குப் போகும் பேருந்தைத் தவறவிடக்கூடாதென்று வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் ஏழு நிமிடம் கூட்டி வைத்திருந்தவர் மகேஸ்வரன். அவருடைய காரியம் முடிந்த மறுநாள் யோகேஸ்வரி அதைச் சரிசெய்திருந்தார்.

“இதையே போடுங்க, தம்பி,” என்றார், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

வீட்டில் கணினியை இயக்கிவிட்டு நிமிர்ந்தார். அவர் சரிசெய்து வைத்த சுவர்க் கடிகாரமும் ஏழு நிமிடம் கூடுதலாகக் காட்டி, திரையோடு நிமிடம் பிசகாமல் ஒத்திருந்தது.