இரண்டாம் தந்தி

குருநகர் கோயில் பாடகர் குழுவில் வயலின் வாசித்த எமில்ராஜ், பாரிசவாதம் வந்து படுத்த நாள்முதல் வாய் திறக்கவேயில்லை. அவனுடைய பிறந்தநாளுக்கென்று அக்கா மார்கிரட் பழைய சேலைகளை வெட்டி ஒரு போர்வை தைத்தாள். அதில் மேளமும் புல்லாங்குழலும், நடுவிலே ஒரு வயலினும் இருந்தன. தந்திகளுக்கு வெள்ளை நூல் ஓட்டினாள்.

போர்த்திவிட்டதும் அவன் நல்ல கையால் போர்வையிலிருந்த வயலினைக் காதருகே இழுத்தான்.

"அக்கா, இரண்டாம் தந்தி இறங்கிக் கிடக்கு."

மார்கிரட் குனிந்து பார்த்தாள். அந்த நூல் தளர்ந்துதான் இருந்தது. ஊசியால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"இப்ப சரியோ, ராசா?"

"ஓம்."

கண்ணை மூடி, மெல்லத் தலையாட்டினான். தெருவால் மீன் விற்றுக்கொண்டு போன ஜெசிதா கூடையோடு வாசலில் நின்று காதுகொடுத்தாள்.

"மார்கிரட்டக்கா, தம்பி திரும்ப வாசிக்கத் தொடங்கிட்டாரோ?"