கனவு கேட்கும் வேளை

எலியாஸ் படகின் கயிற்றை மூன்றாவது முறையாக அவிழ்த்து, மூன்றாவது முறையாகக் கட்டினான்.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. கரைக்கு மேலே விடுதி அடுப்பில், விடியலில் எல்லாரும் குடிக்கும் குவாயூசா இலை கொதிக்கும் வாசனை.

விடுதியின் மூன்றாம் குடிலுக்குப் பின்னால்தான் அவன் வீடு. மூங்கில் தட்டிச் சுவர். நேற்று மாலையிலிருந்து அவன் மனைவி நூபே அங்கே பிரசவ வலியில் கிடந்தாள்.

போன பிரசவத்தின்போது அவன் விருந்தாளிகளை அழைத்துக்கொண்டு மேலாற்றுக்குப் போயிருந்தான். திரும்பி வந்தபோது குழந்தையைப் புதைத்து முடித்திருந்தார்கள்.

இந்த முறை பக்கத்திலேயே இருப்பதாக நூபேக்கு வாக்குக் கொடுத்திருந்தான்.

இன்றைக்கும் மேலாறுதான். ஐந்து மணி நேரம் படகு, அப்புறம் நடை. அங்கே ஓர் இலவமரத்து உச்சியில் ஹார்ப்பி கழுகின் கூடு. குஞ்சு இன்றோ நாளையோ பறந்துவிடும்.

அதைப் பார்க்கத்தான் ஹெர்மினியா அம்மாள் குவென்கா நகரத்திலிருந்து வந்திருந்தார். எழுபது வயது, ஓய்வுபெற்ற பல் மருத்துவர். நாளைக் காலை ஊர் திரும்புகிறார்.

"மச்சான், நான் மட்டும் நாளைக்கு..." என்று நேற்றே டெல்ஃபினிடம் ஆரம்பித்துப் பார்த்தான்.

டெல்ஃபின் நூபேயின் அண்ணன். ஊரே சேர்ந்து நடத்தும் விடுதிக்கு இந்த வருடத் தலைவன். முகத்தைப் பார்க்காமல்தான் பதில் சொன்னான்.

"என் தங்கச்சிடா மாப்ளே, எனக்குப் பதறாதா? கூட்டுக்கு வழி உன்னைத் தவிர எவனுக்குத் தெரியும்? ஏற்கெனவே அந்தம்மாவுக்கு ஒரு நாள் என்னால போச்சு."

போனதென்னவோ உண்மை. நேற்று விடிகாலை டெல்ஃபினின் கனவில் ஆற்று வெள்ளம் மரங்களை வேரோடு இழுத்து வந்தது. கெட்ட கனவு கண்ட நாளில் யாரும் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. ஏரிப் பயணம் நின்றது. அந்த அம்மாள் காரணத்தை விவரமாகக் கேட்டு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அவரிடமே சொல்லிவிடலாம்தான். ஆனால் வீட்டுச் சங்கதி விருந்தாளி காதுக்குப் போகக் கூடாது என்பது விடுதியின் விதி. ஊர்க் கூட்டத்தில் அதற்குக் கை தூக்கியவர்களில் எலியாசும் ஒருவன்.

தினமும் போல, இரவு கண்ட கனவைச் சொல்ல அடுப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சுரைக்குடுக்கை கை மாறி வந்தது. எலியாசின் கால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"சொல்லு மாப்ளே, என்ன கண்டே?"

"ஒரு பாம்பு மச்சான், படகுல..."

"விடிய விடிய வாசல்ல உலாத்துனவன் எப்படா கனவு கண்டே? தூங்குனாத்தானே கனவு." டெல்ஃபினின் குரலில் கோபம் இல்லை. "இதுல பொய்யைக் கலக்காதே. அப்புறம் நிஜமாவே ஒருத்தன் கண்டா எவன் நம்புவான்?"

எலியாஸ் குடுக்கைக்குள் பார்த்தான்.

ஹெர்மினியா அம்மாள் மழைக்கோட்டும் ரப்பர் பூட்சுமாகத் தயாராக வந்திருந்தார். கழுத்தில் பைனாகுலர்.

"நீங்க என்னம்மா கண்டீங்க?" டெல்ஃபின் மரியாதைக்குக் கேட்டான். மூன்று நாளும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: எனக்கு ஞாபகமே இருக்காதுப்பா.

இன்று அவர் குடுக்கையைக் கீழே வைத்தார்.

"படகு கவுந்து கிடந்துச்சு. ஆளுங்க யாரையும் காணோம். எலியாசோட தொப்பி மட்டும் தனியா மிதந்து போச்சு."

டெல்ஃபின் அவரையே சற்று நேரம் பார்த்தான். விருந்தாளி கண்டாலும் கனவு கனவுதான்.

"போய்க் கயித்தைக் கட்டுடா மாப்ளே."

கயிறு கட்டித்தான் இருந்தது. எலியாஸ் ஆற்றுப் பக்கம் திரும்பவே இல்லை, வீட்டுக்கு ஓடினான்.

வெயில் உச்சிக்கு வருமுன் பெண் குழந்தை பிறந்தது. காடு அதிர அழுதது. நூபேயின் நகங்கள் பதிந்த அவன் மணிக்கட்டு சிவந்து கிடந்தது.

மதியம் இலையில் பொதிந்து சுட்ட மீனை எடுத்துக்கொண்டு மூன்றாம் குடிலுக்குப் போனான். அம்மாள் பூட்சைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தார். பைனாகுலர் உறைக்குள் இருந்தது.

"ரெண்டு பேரும் நல்லா இருக்காங்களா?"

தலையாட்டினான். மீனை மேசைமேல் வைக்க உள்ளே போனான்.

நாற்காலி அவன் வீட்டைப் பார்த்த ஜன்னலை ஒட்டிக் கிடந்தது.

கட்டிலுக்கு மேலே கொசுவலை முடிச்சு அவிழ்க்கப்படாமல் தொங்கியது. நேற்று மாலை படுக்கையை விரித்துவிட்டு, துண்டை மடித்து அவன் செய்து வைத்த டூக்கன் பறவை, அலகுகூடக் கலையாமல் தலையணை நடுவில் உட்கார்ந்திருந்தது.